யார் உடம்புக்கு எடுத்த அளவு?

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் முடிந்த மறுநாள் காலை, ஏதாவது ஒரு மாவட்டப் பதிப்பில் அந்தப் படம் வந்துவிடும். ஆட்சியர் அலுவலக வாசலில் மூன்று சக்கர வண்டியில் ஒருவர், அவர் முன்னால் குனிந்தபடி ஆட்சியர், இருவருக்கும் நடுவில் ஒரு மனு. ‘மாற்றுத்திறனாளியைத் தேடி இறங்கி வந்த ஆட்சியர்’ என்பது தலைப்பு. ஆட்சியரின் நல்ல மனசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே படத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதைத் தலைப்பாக்க யாருக்கும் தோன்றுவதில்லை: மனு கொடுக்க வந்தவரால் மனு வாங்கும் அறைக்குப் போக முடியவில்லை.

இத்தனைக்கும் பெரும்பாலான அரசுக் கட்டடங்களில் இன்று சாய்தளம் இருக்கிறது. தென் மாவட்டம் ஒன்றில் நான் பார்த்த ஓர் அலுவலகத்தைச் சொல்கிறேன். வாசலில் மூன்று படி. தரையிலிருந்து வராந்தா சுமார் ஒன்றரை அடி உயரம். பக்கவாட்டில் சிமென்ட் சாய்தளம், ஏழடிக்கு மேல் நீளம் இருக்காது. ஓர் அடி ஏற 12 அடி ஓட்டம் வேண்டும் என்பது வழிகாட்டி நெறி. அந்தக் கணக்கில் ஒன்றரை அடிக்கு 18 அடி வந்திருக்க வேண்டும். ஏழடியில் ஏற்றி முடித்தால் அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். ஏறி முடியும் இடத்தில் வண்டியைத் திருப்ப இடமில்லாமல் கிரில் கேட், கேட்டில் பூட்டு, அடிவாரத்தில் இரண்டு பைக். எவர்சில்வர் கைப்பிடி மட்டும் புதுப் பொலிவோடு இருந்தது, பிடித்துத் தேய்த்தவர்கள் இல்லை போல. கட்டியவர் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். எஸ்டிமேட்டில் ‘ராம்ப் – 1’ என்று இருந்தது, கட்டினார், பில் பாஸாகிவிட்டது. அதில் ஒரே ஒரு வீல்சேரை ஏற்றிப் பார்க்கும் வேலை யாருடைய பொறுப்பிலும் இல்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த பட்டியலை 21 வகைகளாக விரித்தது. அணுகல் நெறிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45-ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்தது. வாசலில் மனு வாங்கும் படங்கள் நின்றபாடில்லை.

ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். சாலை, போக்குவரத்து, பொதுக் கட்டடம் எல்லாம் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்பது கோரிக்கை. 2017 டிசம்பரில் நீதிமன்றம் 11 அம்சங்களில் உத்தரவு போட்டது. அதன் பிறகும் நிலைமை மாறாததால், 2024 நவம்பர் 8-ஆம் தேதி தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு வேரிலேயே கை வைத்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அணுகல் தரங்களைக் கட்டாயம் என்கிறது, அதன் கீழ் அரசு எழுதிய 15-ஆம் விதியோ வெறும் வழிகாட்டு நெறிகளைக் கைகாட்டுகிறது, ‘செய்தால் நல்லது’ என்பதெல்லாம் தரம் ஆகாது என்று சொல்லி அந்த விதியை, 15(1)-ஐ, சட்டத்துக்கு முரணானது என்றது. மீறவே முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் எழுதுங்கள் என்றது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து எழுதுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு அடித்தளமாக இருந்த ஆய்வறிக்கை ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையம் கொடுத்தது. ‘ஃபைண்டிங் சைஸஸ் ஃபார் ஆல்’, எல்லோருக்குமான அளவுகளைக் கண்டறிதல் என்று அதற்குப் பெயர்.

அளவு என்று ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால் அதற்கு ஒரு தெய்வீகம் வந்துவிடுகிறது. கதவு 90 சென்டிமீட்டர், கைப்பிடி இத்தனை உயரம், சரிவு 1-க்கு 12. என்ஜினீயர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது என்றுதான் நினைக்கிறோம். கணக்கு அப்புறம்தான் வருகிறது. முதலில் ஓர் உடம்பு இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார், யாரோ ஒருவர் டேப்பை நீட்டினார்.

அந்த முதல் உடம்பு யாருடையது என்று தேடினால் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முன்னாள் படைவீரர்கள் கல்லூரியில் சேர வந்தார்கள். அவர்களுக்கான மறுவாழ்வுத் திட்டத்தை நடத்தியவர் டிமோத்தி நியூஜென்ட். வளாகத்தில் அவர் நடத்திய சோதனைகளிலிருந்து 1961-இல் உலகின் முதல் கட்டட அணுகல் தரம் பிறந்தது. மொத்தமே ஆறு பக்கம். அடிக்கு 12 அடி சரிவு அதிலேயே இருக்கிறது. பெரிய சாதனைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவு கொடுத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், தோளில் வலு உள்ளவர்கள், கையால் தள்ளும் வண்டியில் இருந்தவர்கள். எழுபது வயதுப் பாட்டி அங்கே இல்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் மோட்டார் வண்டியில் இருப்பவரும், கண் தெரியாதவரும் அந்த அளவெடுப்பில் பெரிதாக இடம்பெறவில்லை.

அந்த விடுபடலின் விலை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. வீல்சேர் ஒரு முழு வட்டம் திரும்ப 60 அங்குலம் போதும் என்று அமெரிக்கத் தரம் சொல்லி வந்தது. பஃபலோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்டைன்ஃபெல்ட் குழுவினர் சக்கர வண்டிகளைப் பயன்படுத்தும் சுமார் 500 பேரை வரவழைத்து அளந்தார்கள். மோட்டார் வண்டி, ஸ்கூட்டர், கனத்த உடம்பு, காலை நீட்டியே வைத்திருக்க வேண்டியவர் என எல்லா வகையும் அதில் இருந்தது. பழைய வட்டத்துக்குள் பலர் அடங்கவே இல்லை. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், புதுக் கட்டடங்களுக்கு அந்த வட்டம் 67 அங்குலமாக மாறியது. ஏழு அங்குலம்தான் வித்தியாசம். கழிப்பறைக்குள் போனவர் பின்னாலேயே உருண்டு வெளியே வர வேண்டுமா, திரும்பி முகம் பார்த்து வரலாமா என்பது அந்த ஏழு அங்குலத்தில் இருக்கிறது.

இன்னொரு எண்ணின் கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. சுவிட்ச், லிஃப்ட் பொத்தான், ஏ.டி.எம். திரை எல்லாம் பக்கவாட்டில் கை நீட்டினால் 54 அங்குல உயரம்வரை இருக்கலாம் என்று பழைய விதி சொன்னது. வீல்சேரில் இருப்பவரின் கைக்கு அது எட்டியிருக்கலாம். உயரம் குறைந்தவர்களுக்கு எட்டவில்லை. ‘லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா’ என்ற அவர்களுடைய அமைப்பு தரக்குழுவில் போய் உட்கார்ந்து வாதாடியது. எந்திரம் செய்யும் கம்பெனிகள் செலவைக் காட்டி எதிர்த்தன. 1998-இல் எண் 48-க்கு இறங்கியது. 2010-இல் அமெரிக்க நீதித்துறையின் தரத்திலும் அதுவே ஏறியது. இதே நேரத்தில் கீழ் வரம்பு ஒன்பது அங்குலத்திலிருந்து 15 அங்குலத்துக்கு உயர்ந்தது, குனிய முடியாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா. ஒரே சுவரில் மேலிருந்து ஒரு கூட்டமும் கீழிருந்து ஒரு கூட்டமுமாக நெருக்கியதில் கிடைத்த இடம் அது.

மாற்றுத்திறனாளிகள் என்று ஒற்றைச் சொல்லில் அழைத்துப் பழகிவிட்டதால், அவர்கள் எல்லோருக்கும் ஒரே தேவை என்ற மயக்கம் நமக்கு வந்துவிட்டது. இதை உடைக்க இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு ஒரு நடை போய் வரலாம். செல்வின் கோல்ட்ஸ்மித் ஒரு கட்டடக் கலைஞர். 1956-இல் போலியோவால் பாதிக்கப்பட்டவர். ஊனமுற்றோருக்கான வடிவமைப்பு பற்றி 1963-இல் அவர் எழுதிய நூல் அந்தத் துறைக்கே கைநூல் ஆனது. நூல் வெளிவந்த பிறகுதான் அவர் நாரிச் நகரில் வீல்சேரில் இருக்கும் 284 பேரை நேரில் சந்தித்துப் பேசினார். நடைபாதை விளிம்பு இடிக்கிறது என்றார்கள். 1967-இல் அந்த நகரில் 15 இடங்களில் விளிம்பைச் சாய்த்துத் தெருவோடு சமமாக்கினார்கள். இன்று உலகமெல்லாம் தெருமுனைகளில் பார்க்கிற சரிவுக்கு அது ஒரு முன்னோடி.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் பார்வையற்றவர்கள். கைத்தடியோடு வருபவருக்கு அந்த விளிம்பு தடை இல்லை, தகவல். ‘இங்கே நடைபாதை முடிகிறது, அடுத்த அடி வண்டி ஓடும் சாலை’ என்று சொல்கிற ஒரே குரல் அதுதான். அதை மழித்துவிட்டால் நடுரோட்டில் நிற்கும்வரை அவருக்குத் தெரியாது. ஒரு கூட்டத்துக்கு வழி திறந்த அதே சிமென்ட் இன்னொரு கூட்டத்துக்குப் பொறி ஆனது. இதற்கான விடை வேறொரு மூலையில், ஜப்பானின் ஒகயாமாவில், ஏறத்தாழ அதே நேரத்தில் தயாராகியிருந்தது. செய்ஈச்சி மியாகே என்பவர் 1965-இல் உருவாக்கிய புள்ளிக் கற்கள் 1967 மார்ச்சில் அங்குள்ள பார்வையற்றோர் பள்ளி அருகே சாலையில் பதிக்கப்பட்டன. நம் மெட்ரோ நிலையங்களிலும் ரயில் நடைமேடைகளிலும் மஞ்சளாகப் பதித்திருக்கிறார்களே, அதுதான். சரிவும் வேண்டும், சரிவின் நுனியில் புள்ளிக் கல்லும் வேண்டும் என்ற ஏற்பாடு இருதரப்பும் வாய் திறந்ததால் வந்தது. புள்ளி ரொம்ப உயர்ந்தால் வீல்சேர் குலுங்கும், காலை இழுத்து நடப்பவர் தடுக்கி விழுவார். ரொம்பத் தாழ்ந்தால் காலுக்குத் தெரியாது. அதனால் அதற்கும் மில்லிமீட்டர் கணக்கில் பேச்சுவார்த்தை.

லண்டனில் விளிம்பே இல்லாத தெருக்கள் நாகரிகமாகிவிட்ட காலத்தில் இந்தச் சண்டை மறுபடி கிளம்பியது. வழிகாட்டி நாய்களுக்கான அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் சோதித்துப் பார்த்தார்கள். விளிம்பு 60 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பார்வையற்றவர்களால் அதை நம்பிக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எப்படிக் கட்டுவது என்று அலுத்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த 60-ஐத்தான். ஆளுக்கொன்று சொன்னதால்தான் சோதனை நடந்தது, அதனால்தான் எண் கிடைத்தது. தீ அபாய விளக்கும் அப்படியே. காது கேளாதவருக்குச் சைரன் பயன்படாது, பளிச்சிடும் விளக்கு வேண்டும். வேகமாகப் பளிச்சிட்டால் வலிப்பு உள்ள சிலருக்கு அதுவே வலிப்பைத் தூண்டிவிடும். அதனால் விநாடிக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் சிமிட்டக் கூடாது என்று வரம்பு வந்தது.

எல்லாச் சண்டையும் இப்படி ஓர் எண்ணில் சமாதானம் ஆவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேலிப்பர் போட்டவருக்கும் அக்குளில் கட்டை ஊன்றி நடப்பவருக்கும் நீண்ட சாய்தளம் தண்டனை. முட்டி மடங்காத காலோடு சரிவில் இறங்கிப் பாருங்கள், புரியும். இரு பக்கமும் கைப்பிடி வைத்த, உயரம் குறைந்த நாலு படி அவருக்குச் சுலபம். படியை எடுத்துவிட்டு ராம்ப் வைத்தோம் என்று பெருமைப்படும் அலுவலகங்கள் இவரைக் கேட்கவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வெளிச்சத்திலும் இதே சிக்கல். குறைந்த பார்வை உள்ளவர்களுக்கும், உதட்டையும் கையையும் பார்த்துப் பேசுகிற காது கேளாதோருக்கும் நல்ல வெளிச்சம் உயிர். கண்ணைக் கூசும் விளக்கும் மினுக்கும் டியூப்லைட்டும் ஆட்டிசம் உள்ள குழந்தையை நிலைகுலைய வைத்துவிடும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகம், சைகையில் பேசியபடி இருவர் சேர்ந்து நடக்க நடைவழி எவ்வளவு அகலம் வேண்டும், மூலைகளில் எதிரே வருபவர் எப்படித் தெரிய வேண்டும் என்று தங்களுக்கென ஒரு கட்டடக் கலையையே வகுத்து வைத்திருக்கிறது. மூளை வேறு விதமாக இயங்குபவர்களுக்கான கட்டட வடிவமைப்பு ஆவணம் ஒன்றை பிரிட்டன் 2022-இல்தான் வெளியிட்டது. 1961-இலிருந்து கணக்குப் போட்டால் 61 ஆண்டு.

நம் ஊருக்கு வருவோம். இல்லினாயில் எடுத்த அளவில் யார் யார் இல்லை என்று பார்த்தோம். அங்கே இல்லாதவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். இங்கே போலியோ வந்தவர்களில் எத்தனையோ பேர் வீல்சேரைக் கண்டதே இல்லை. கையில் செருப்பை மாட்டிக்கொண்டு தவழ்ந்தே வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் கவுன்டர் உயரம் ஒரு மலை. வெயிலில் காய்ந்த டைல்ஸ் ஒரு தோசைக்கல் என்று எழுத வருகிறது கை, வேண்டாம், உள்ளங்கை வெந்துபோகும் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அடுத்து, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. வீல்சேரைவிட நீளம், திரும்ப இடம் கேட்கும். அதற்கும் அடுத்து தமிழக அரசு கொடுக்கும், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். ஒன்றிய அரசின் ஒத்திசைந்த வழிகாட்டு நெறிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான கார் நிறுத்தம் 3.6 மீட்டர் அகலம் என்று துல்லியமாக இருக்கிறது. கார் வைத்திருப்பவர் எத்தனை பேர்? நம் ஊரில் அந்த நெறியைப் படிக்கும் அலுவலகம் முதலில் கேட்க வேண்டியது, ஸ்கூட்டரை வாசலை ஒட்டி நிழலில் நிறுத்தி இறங்கியவர் அங்கிருந்து உள்ளே எப்படிப் போவார் என்று.

கழிப்பறைக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். மேற்கத்திய அளவுப்படி கைப்பிடிக் கம்பியும் கமோடும் வைத்துவிடுகிறோம். நாம் தண்ணீர் புழங்குகிறவர்கள். குழாயும் குவளையும் எந்தப் பக்கம், உட்கார்ந்தபடி எட்டுமா, ஈரத் தரையில் ஊன்றுகட்டை வழுக்காமல் நிற்குமா என்பதெல்லாம் இறக்குமதி அளவில் கிடையாது. துணைக்கு வருபவர் பெரும்பாலும் குடும்பத்து ஆள். மகனுக்கு அம்மா, மனைவிக்குக் கணவர். ஆண், பெண் என்று பிரித்த வரிசைக்குள் அந்த அறையைக் கட்டினால் துணையால் உள்ளே நுழைய முடியாது. தனி வாசல் வேண்டும் என்பது உள்ளே போய்த் திண்டாடியவருக்கு ஒரு நிமிடத்தில் தெரியும். நடைமுறையில் பல இடங்களில் அந்த அறை துடைப்பமும் பினாயிலும் வைக்கும் இடமாகி, சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது.

இங்கே நல்ல காரியமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மெரினாவில் கடலைத் தொட வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டன. டிசம்பரில் தற்காலிகப் பாதை போடுவதும் எடுப்பதுமாக இருந்தது, 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை ஆனது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.14 கோடி ரூபாய். பிறந்ததிலிருந்து சென்னையில் இருந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் அன்று நனைத்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைப் பிய்த்துப் போட்டது. கடலைக் கலந்தாலோசிக்க மறந்துவிட்டார்கள் போலும். பிறகு சரிசெய்தார்கள். கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் வந்த பாதை அது.

கேட்பது என்பதற்கு அரசு அலுவலகங்களில் ஒரு சம்பிரதாயம் உண்டு. வரைவு நெறி ஆங்கிலத்தில் இணையத்தில் ஏறும். சில நாள் அவகாசம். ஸ்கேன் செய்த கோப்பாக இருந்தால் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதன் முன் ஊமையாகிவிடும். கூட்டம் தலைநகரில், சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அதிர்ஷ்டம். பொறியாளர் சம்பளத்தோடும் பயணப்படியோடும் வருவார். கூலியை விட்டுவிட்டு வருபவருக்குத் தேநீரும் பிஸ்கட்டும். போட்டோவுக்கு ஒரு வீல்சேர் போதும், அதிலும் ஆங்கிலம் பேசும் நகரத்து ஆண் என்றால் இன்னும் வசதி. அறிவுசார் குறைபாடு உள்ளவர் சார்பில் அப்பா பேசுவார், அவரையே கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. தொழுநோயிலிருந்து மீண்டவர், மனநலச் சிகிச்சையில் இருப்பவர், பார்க்கின்சன் நோயாளி ஆகிய மூவரும் சட்டத்தின் 21 வகைகளில் வருபவர்கள், அறையில் மூவரும் இல்லை. பார்க்கின்சன் உள்ள சிலருக்குக் குறுகலான வாசலைக் கண்டதும் கால் உறைந்துவிடும், தரையில் குறுக்கே கோடு போட்டால் அதைப் பார்த்து அடியெடுத்து வைக்க முடியும். இதை அவரோ அவர் வீட்டாரோ வந்து சொன்னால் ஒழிய எந்தப் பொறியாளருக்குத் தெரியப் போகிறது?

டோக்கியோவின் புதிய தேசிய விளையாட்டரங்கைக் கட்டியபோது வேறு மாதிரி செய்தார்கள். மாற்றுத்திறனாளிகள், முதியோர், கைக்குழந்தைக்காரர்கள் எனப் பல தரப்பைச் சேர்ந்த 14 அமைப்புகளை உட்காரவைத்து வரைபடம், விரிவான வடிவமைப்பு, கட்டுமானம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பயிலரங்கு நடத்தினார்கள். கட்டி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்கவில்லை. கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. 2019-இல் வந்த அணுகல் சட்டம், தரங்களை எழுதும் அமைப்பின் இயக்குநர் குழுவில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்கிறது. கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட விருந்தாளியாக இல்லாமல் ஓட்டுப் போடும் உறுப்பினராக. நம் உச்ச நீதிமன்றமும் தன் சொந்த வளாகத்துக்காக 2022 டிசம்பரில் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் குழு அமைத்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் இடம் கொடுத்தது, அங்கே வந்துபோகும் மாற்றுத்திறனாளிகளிடம் கேள்வித்தாளும் கொடுத்தது.

புதிய விதி வரும்வரை மாவட்டங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நிறைவுச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளூர்த் திட்டக் குழுமங்களிடமும் உள்ளாட்சிகளிடமும் இன்றே இருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் வீல்சேரில் ஒருவர், கைத்தடியோடு ஒருவர், ஊன்றுகட்டையோடு ஒருவர், காது கேளாதவர் ஒருவர், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர் ஒருவர் என ஐந்து பேர் கேட்டிலிருந்து கழிப்பறைவரை போய் வரட்டும். வரைபட அனுமதியின்போதும் இதே ஐவர் உட்காரட்டும், ஏனென்றால் அப்போது கோட்டை அழித்துப் போட்டால் போதும். அவர்களுக்கு ஒரு நாள் சம்பளமும் போக்குவரத்துச் செலவும் திட்ட மதிப்பீட்டிலேயே ஒதுக்க வேண்டும். ஐவரைத் தேர்ந்தெடுப்பது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரா, சங்கங்களா என்று கேள்வி வரும். சங்கங்கள் என்றால் எந்தச் சங்கம் என்று தகராறும் வரும். அதைப் பேசித் தீர்க்க ஒரு கூட்டம் போடலாம், தரைத்தளத்தில்.